எந்த வலிக்கு எந்தக் கை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கோவை, திருப்பூர், ஈரோடு போன்ற பெருநகரங்களில் மட்டுமன்றி, கோபி, பல்லடம், பெருந்துறை போன்ற ஊர்களிலும் மசாஜ் நிலையங்களும் எண்ணெய்ச் சிகிச்சையகங்களும் இப்போது பெருகியிருக்கின்றன. நாள் முழுவதும் உடம்பால் உழைக்கும் மக்கள் வாழும் பகுதி இது என்பதால் இதில் வியப்பில்லை. நல்ல கையால் பிடித்துவிடுவது உடம்புக்குச் சுகம் தரும் என்பதிலும் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அங்கே செல்பவர்களில் பெரும்பாலானோர் சுவரில் ஒட்டிய விலைப்பட்டியலில் உள்ள பெயரையும் நிமிடக் கணக்கையும் பார்த்தே தமக்கு எது வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள். வலி தசையிலா, மூட்டிலா, நரம்பிலா, தமக்கு இருக்கும் நோய் என்ன, அன்றாடம் சாப்பிடும் மாத்திரை என்ன என்று எண்ணிப் பார்த்து முடிவு செய்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. 31 ஆண்டுகள் இயன்முறைச் சிகிச்சையாளராக (பிசியோதெரபிஸ்ட்) பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இது எனக்கு நெடுநாளைய கவலை. சென்ற ஐப்பசியில் என் வீட்டிலேயே நடந்த ஒரு சம்பவத்துக்குப் பிறகு, இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் தாயாருக்கு 74 வயது. 18 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. மழைக்காலத்தில் முழங்கால் பிடிப்பு அதிகமாகவே, நான் ஊரில் இல்லாத ஒரு நாளில், என் தங்கை மிகுந்த அக்கறையோடு அவரை ஒரு சிகிச்சை நிலையத்துக்கு அழைத்துச் சென்றிருக்கிறாள். பட்டியலில் இருந்த 60 நிமிடப் பொடிக்கிழியைத் தேர்ந்தெடுத்தார்கள். மூலிகைப் பொடியைத் துணியில் முடிந்து, அடுப்பிலிருந்த சட்டியில் தைலத்தோடு சூடாக்கி, முழங்காலிலிருந்து பாதம் வரை ஒற்றி ஒற்றி எடுத்திருக்கிறார்கள். கிழி வைத்த பெண்மணி, "சூடு தாங்குதுங்களாம்மா?" என்று இரண்டு மூன்று முறை கேட்டாராம். அம்மாவும், "தாங்குது சாமி, இன்னுங் கொஞ்சம் வெச்சாலும் தேவலை" என்றாராம். அன்றிரவு அவருக்குப் போர்வை போர்த்திவிடப் போன என் மனைவி, கணுக்காலுக்கு மேலே பட்டாணி அளவில் இரண்டு கொப்புளங்களையும், அவற்றைச் சுற்றி உள்ளங்கையகலத்துக்குச் சிவந்திருந்த தோலையும் பார்த்திருக்கிறாள். அந்தப் புண் ஆற 7 வாரம் ஆயிற்று. சர்க்கரை நோயாளியின் காலில் புண் என்றால் அந்த ஏழு வாரமும் குடும்பம் எப்படித் தவிக்கும் என்பதைப் பட்டவர்கள் அறிவார்கள்.

அந்தப் பெண்மணியை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் அலட்சியமாக இருக்கவில்லை, கேட்கத்தான் செய்தார். ஆனால் நீண்ட காலச் சர்க்கரை நோயால் பாதத்து நரம்புகள் மரத்துப் போனவரிடம் சூடு தாங்குகிறதா என்று கேட்டால், அவர் பொய் சொல்லாமலே தவறான பதிலைத்தான் சொல்வார். கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: "உங்களுக்குச் சர்க்கரை உண்டா, எத்தனை வருசமாக, பாதத்தில் மதமதப்பு உண்டா?" இதைச் சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கும் முன்பே கேட்டிருந்தால், கிழியே வேண்டாமென்று விலக்கியிருப்பார்கள், எண்ணெய் தடவி மென்மையாக நீவிவிடுவதோடு நிறுத்தியிருப்பார்கள். சூடான கற்களை முதுகில் அடுக்கும் மசாஜுக்கும், மின்சார ஒத்தடப் பைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

எந்த மசாஜ் என்ற கேள்விக்கு வருகிறேன். பெயர்களைக் கண்டு நாம் மலைக்க வேண்டியதில்லை. நீவுதல், உருவுதல், பிசைதல், அமுக்குதல், தட்டுதல், மிதித்தல் என்று ஒவ்வொரு கைவேலைக்கும் நம் வீடுகளில் தனித்தனிச் சொல் இருக்கிறது. சித்த மருத்துவம் இதைத் தொக்கணம் என்று அழைத்து, தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல், அசைத்தல் முதலாக ஒன்பது வகையாகப் பிரிக்கிறது. சுவீடிஷ் மசாஜ் என்று பலகையில் எழுதியிருப்பதும் பெரும்பாலும் இந்த நீவுதலும் பிசைதலும் தட்டுதலும்தான். அவற்றை வகைப்படுத்திப் பிரெஞ்சுப் பெயர்களால் வழக்கத்துக்குக் கொண்டுவந்த பெருமை, 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மெட்ஸ்கர் என்னும் டச்சு மருத்துவருக்குத் தரப்படுகிறது. ஆகவே பெயரை விட்டுவிட்டு, அந்தக் கை எவ்வளவு ஆழமாக அழுத்தப் போகிறது, எவ்வளவு சூடு வைக்கப் போகிறது, மூட்டை எவ்வளவு தூரம் வளைக்கப் போகிறது என்ற மூன்றையும் விசாரித்துவிட்டால், நமக்கு ஆகுமா ஆகாதா என்பது பாதி விளங்கிவிடும்.

திருப்பூரில் ஓவர்லாக் மெசினில் உட்கார்ந்து தைக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். என்னிடம் சிகிச்சைக்கு வந்தவர்களில் இத்தகையோர் ஏராளம். தலையை முன்னே நீட்டி, தோளைத் தூக்கியபடி பத்து மணி நேரம் தைப்பதால், கழுத்திலிருந்து தோள் நோக்கி இறங்கும் தசை கயிறு திரித்தாற்போல் இறுகி, விரலால் தொட்டால் உள்ளே சுண்டைக்காய் அளவில் ஒரு முடிச்சு தட்டுப்படும். அதை அமுக்கினால் வலி காதுக்குப் பின்னாலும் நெற்றிப் பொட்டிலும் பரவும். பலர் இதை ஒற்றைத் தலைவலி என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டிருப்பார்கள். இவருக்கு 90 நிமிட முழு உடல் மசாஜ் தேவையில்லை. கழுத்து, தோள், தோள்பட்டை எலும்பின் ஓரம் ஆகிய இடங்களில் மட்டும் 20 அல்லது 30 நிமிடம், மெதுவாகவும் ஆழமாகவும் பிசைந்து, முடிச்சின் மேல் கட்டைவிரலை அரை நிமிடம் போல நிலையாக வைத்து விடுவித்தால் போதும். டீப் டிஷ்யூ என்று எழுதியிருப்பது இந்த வேலையைத்தான். ஆனால் முக்காலியின் உயரத்தை மாற்றாமல், மணிக்கொரு முறை எழுந்து தோளைச் சுழற்றாமல் இருந்தால், அடுத்த வாரமே முடிச்சு திரும்ப வந்துவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். பவானியில் குழித்தறியில் ஜமக்காளம் நெய்பவருக்கு வலி இடுப்பிலும் தொடையின் பின்புறத்திலும் இறங்கியிருக்கும். அவருக்குக் கை போக வேண்டிய இடம் வேறு.

ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்குகிறவருக்கோ, ஒரே நாளில் தோட்டத்து வேலை முழுவதையும் முடித்துவிட்டுப் படுத்தவருக்கோ மறுநாள் வரும் உடம்பு வலியில் ஆழமாக அழுத்துவது வீண். பழக்கமில்லாத உழைப்புக்குப் பின் 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை தசை நோவது இயல்பு. அந்தச் சமயத்தில் இளஞ்சூடான நல்லெண்ணெயால் மென்மையாக நீவி, வெந்நீரில் குளித்தால் போதும். லாக்டிக் அமிலத்தை மசாஜ் பிழிந்து வெளியேற்றுகிறது என்று நிலையங்களில் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. உழைப்பை நிறுத்திய ஒன்றிரண்டு மணி நேரத்தில் உடம்பே அதைச் சரிசெய்துகொள்கிறது. நஞ்சு வெளியேறுகிறது என்ற பேச்சும் இப்படிப்பட்டதுதான். அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் செய்கின்றன. உறக்கமின்மை, மன அழுத்தம், காரணம் தெரியாத அசதி ஆகியவற்றோடு வருபவர்களுக்கும் நீண்ட, மெல்லிய நீவுதலே நல்லது.

நம் பகுதியில் ஆழ வேரூன்றிய ஒரு நம்பிக்கை உண்டு. "ஏனுங்க, நல்லா அழுத்திப் புடிங்க, அப்பத்தான் வலி விடும்" என்று என்னிடம் சொல்லாத நோயாளி குறைவு. வலி தாங்குவதை நம் மக்கள் வீரமாக நினைப்பதால் இது வருகிறது என்று நினைக்கிறேன். இதமான வலி என்று ஒன்று உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் படுத்திருப்பவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, கைவிரலை மடக்கத் தொடங்கிவிட்டால், தசை இளகுவதற்கு மாறாக எதிர்த்து இறுகுகிறது என்று பொருள். அந்த நிமிடத்தில் கையை இலேசாக்கச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு, கூச்சப்பட வேண்டியதில்லை. இதய இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு இரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் குளோபிடோக்ரல் மாத்திரை சாப்பிடுபவர்கள், வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமலிருக்கும் மருந்து எடுப்பவர்கள், எலும்பு மெலிந்து வலுவிழந்த முதியோர் ஆகியோருக்கு ஆழமான அழுத்தம் கூடவே கூடாது. முன்னவர்களுக்குத் தசைக்குள் இரத்தம் கட்டும். பின்னவர்களுக்கு விலா எலும்பே விரிசல் விடலாம்.

சுளுக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். கால் பிசகினால் உடனே சுளுக்கு வழிப்பவரிடம் ஓடுவது நம் வழக்கம். கணுக்கால் பிசகிய முதல் இரண்டு மூன்று நாளைக்கு அந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது. உள்ளே கிழிந்த தசைநாரிலிருந்து கசிவு நிற்காத நேரம் அது. குளிர்ந்த ஒத்தடம், இலேசான கட்டு, காலை உயர்த்தி வைத்தல் ஆகியவை போதும். அடிபட்டவரால் நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்காலின் இருபுறமும் புடைத்திருக்கும் எலும்பின் பின் ஓரத்தை அமுக்கும்போது சுருக்கென்று வலித்தாலோ, எக்ஸ்ரே எடுத்து எலும்பு முறிவு இல்லை என்று உறுதி செய்த பிறகே எவர் கையும் அதன்மேல் பட வேண்டும்.

உயிருக்கே ஆபத்தான தவறு ஒன்றையும் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன். நாமக்கல் பக்கத்து லாரி ஓட்டுநர் ஒருவர், வடக்கே போய்த் திரும்பிய நீண்ட ஓட்டத்துக்குப் பின், கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது, நன்றாக உருவிவிட வேண்டும் என்று கேட்டு வந்தார். வழியில் யாரோ உருவியும் விட்டிருக்கிறார்கள். இரண்டு காலையும் ஒன்றாக நீட்டச் சொன்னேன். இடக் கெண்டைக்கால் பளபளவென்று தடித்திருந்தது. புறங்கையை வைத்துப் பார்த்தால் வலக்காலைவிடச் சூடாக இருந்தது. முழங்காலுக்குக் கீழே புடைத்த எலும்பிலிருந்து 10 செ.மீ. இறக்கி அளவு நாடாவைச் சுற்றினேன். வலக்காலைவிட 4 செ.மீ. அதிகம். கையை எடுத்துவிட்டு அவரை நேராக மருத்துவரிடம் அனுப்பினேன். ஸ்கேனில், காலின் உள்ளே ஆழத்தில் ஓடும் இரத்தக் குழாயான ஆழ்நாளத்தில் இரத்தக் கட்டி இருந்தது. அதை உருவிவிட்டால் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குச் சென்று அடைத்துக்கொள்ளக் கூடும். ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளில் மாதக்கணக்காக வெளிமாநிலம் செல்பவர்கள், அறுவை சிகிச்சை முடிந்து படுக்கையில் கிடந்தவர்கள், கருவுற்ற பெண்கள் ஆகியோருக்கு இந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கிச் சூடாகி வலித்தால், அது மசாஜுக்கான வலி அன்று. இடத் தோளிலும் கையிலும் வலியோடு வியர்வையும் நெஞ்சு இறுக்கமும் வந்தாலும் அப்படியே. இடுப்பு வலியோடு சிறுநீர் கட்டுப்படாமல் போதல், உட்காரும் இடத்தில் மரத்துப் போதல், கால் வலுவிழத்தல் ஆகியவை சேர்ந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது.

சாதாரண இடுப்பு வலிக்கு மசாஜ் பயன்படும். அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் என்னும் மருத்துவர் அமைப்பு 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், புதிதாக வந்த இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்பே முயன்று பார்க்கத்தக்கவற்றுள் இளஞ்சூட்டையும் மசாஜையும் சேர்த்திருக்கிறது. ஆனாலும் அந்த நிவாரணம் குறுகிய காலத்துக்குத்தான். வயிற்றுத் தசைக்கும் முதுகுத் தசைக்கும் பயிற்சி கொடுப்பதே நிலைத்த பலன் தரும்.

பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பாலிருந்து வந்த ஆயுர்வேத முறைகள் நமக்குப் புதியவை அல்ல. கோட்டக்கல்லில் ஆரிய வைத்திய சாலை 1902-இலும், கோவையில் ஆரிய வைத்திய பார்மசி 1943-இலும் தொடங்கப்பட்டவை. இம்முறையில் அபியங்கம் என்பது உடம்பு முழுக்க எண்ணெய் தேய்ப்பது. பிழிச்சல் என்பது வெதுவெதுப்பான தைலத்தைத் துணியில் தோய்த்து உடம்பின்மேல் பிழிந்தபடி நீவுவது. ஞவரைக்கிழியில், பாலும் குறுந்தொட்டிக் கஷாயமும் சேர்த்து ஞவரை அரிசியை வேகவைத்துத் துணியில் முடிவார்கள். மெலிந்து வலுவிழந்த தசைக்கு அதைப் பயன்படுத்துவார்கள். நொச்சி, எருக்கு, ஆமணக்கு இலைகளைக் கொண்டு செய்யும் இலைக்கிழி, விறைத்த மூட்டுக்கு. இவை வைத்தியர் நாடி பார்த்து, உடம்பைப் பார்த்து, இத்தனை நாளைக்கு என்று சொல்லிச் செய்ய வேண்டிய சிகிச்சைகள். விலைப்பட்டியலிலிருந்து நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டியவை அல்ல. முடக்குவாதத்தால் மூட்டு சிவந்து, சூடாக வீங்கியிருக்கும் நாள்களில் அதன்மேல் கிழியும் வேண்டாம், தேய்ப்பும் வேண்டாம். எந்தத் தைலம் என்றாலும், முன்கையின் உட்புறத்தில் ஒரு சொட்டு தடவி, ஒரு நாள் அரிப்பு வருகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

தாய் மசாஜ் 2019-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. தரையில் பாயில் படுக்க வைத்து, உடையோடு, எண்ணெயின்றி, கை கால்களை இழுத்தும் வளைத்தும் செய்வது அது. உட்கார்ந்த வேலையால் விறைத்த இளைஞர்களுக்கு ஏற்றது. முதுகுத்தண்டு வட்டு விலகியவர்களுக்கும், செயற்கை மூட்டு பொருத்தியவர்களுக்கும் ஏற்றதன்று. பாதத்தில் ஒவ்வொரு புள்ளியும் ஓர் உறுப்பைக் குணப்படுத்தும் என்று படம் மாட்டிச் செய்யும் பாத மசாஜ், காலுக்கு இதமானது என்பதற்கு மேல் எதுவும் இல்லை என்பது என் கருத்து.

முடி திருத்தும் கடைகளில் தலையைப் பிடித்துத் திடீரென்று திருப்பிச் சொடக்கு எடுக்கும் பழக்கத்தை மட்டும் எந்த வயதினரும் அனுமதிக்கக் கூடாது. கழுத்தெலும்பின் ஓட்டைகள் வழியாக மூளைக்கு ஏறும் இரத்தக் குழாயின் உட்சுவர் அந்தத் திருகலில் கிழியலாம். அதனால் பக்கவாதம் வரலாம். தலைக்கு எண்ணெய் தேய்த்து விடட்டும், தோளைப் பிடித்து விடட்டும். கழுத்தைத் திருப்ப வேண்டாம்.

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட சகோதரிகளுக்குக் கை வீங்கினால், அந்த வீக்கத்தை அழுத்திப் பிசைந்து கரைக்க முயல்வது தவறு. நிணநீர் வடிய வைக்கும் மசாஜ், தோலை மட்டும் நகர்த்தும் அளவுக்கு இலேசானது. அதை அதற்கென்று பயிற்சி பெற்றவர், புற்றுநோய் மருத்துவரின் ஒப்புதலோடு செய்ய வேண்டும். பச்சைக் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் அம்முச்சிகளை (பாட்டிகளை) நான் வணங்குகிறேன். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதை மட்டும் அவர்கள் கைவிட வேண்டும். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் குழந்தைக்கு நிமோனியா வரும்.

செல்லும் இடத்தில் பி.எஸ்.எம்.எஸ். (சித்த மருத்துவம்) அல்லது பி.ஏ.எம்.எஸ். (ஆயுர்வேதம்) படித்த வைத்தியரோ, பி.பி.டி. படித்த இயன்முறைச் சிகிச்சையாளரோ இருக்கிறாரா, கை வைப்பவர் எங்கே பயிற்சி பெற்றார் என்று கேட்பதில் தவறில்லை. பணம் அதிகம் செலவழிக்க இயலாதவர்கள், அரசு மருத்துவமனைகள் பலவற்றில் இயங்கும் சித்த மருத்துவப் பிரிவையும் இயன்முறைச் சிகிச்சைப் பிரிவையும் முதலில் அணுகிப் பார்க்கலாம்.

தங்கள் நாளிதழின் வாயிலாக மாநகராட்சி, நகராட்சி அதிகாரிகளுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே. மசாஜ் நிலையங்களுக்கு உரிமம் வழங்கும்போதும் புதுப்பிக்கும்போதும், முதல் முறை வருபவரிடம் கேட்டு நிரப்ப வேண்டிய ஒரு பக்கப் படிவத்தைத் தமிழில் கட்டாயமாக்க வேண்டும். சர்க்கரை எத்தனை ஆண்டு, பாதத்தில் மரமரப்பு உண்டா, இரத்தம் உறையாமலிருக்கும் மருந்து உண்டா, அண்மையில் அறுவை சிகிச்சையோ நீண்ட பயணமோ உண்டா, ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறதா, கருவுற்றிருக்கிறீர்களா, காய்ச்சலோ தோல் தொற்றோ இருக்கிறதா என்ற ஏழு கேள்விகள் போதும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அங்குள்ளவர்கள் படித்துக் காட்டி நிரப்பட்டும்; ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. அரசு ஆணை வரும்வரை காத்திராமல், தங்கள் மருத்துவப் பக்கத்தில் இந்தக் கேள்விகளை வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளும்படி ஒரு கட்டத்துக்குள் அச்சிட்டால், பெற்றோரை அழைத்துச் செல்லும் என் தங்கையைப் போன்றவர்கள் அதைக் கையோடு கொண்டு போவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வு பெற்ற இயன்முறைச் சிகிச்சையாளர்,
கோபிசெட்டிபாளையம்.